வயிற்றுப்புண் மாத்திரை

கட்டிங் மாஸ்டருக்குத் தையல் கம்பெனியில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒன்பது மணி. ஆர்டர் தலைக்கு மேல் போனாலும், முதலாளியே வந்து கெஞ்சினாலும், மனிதர் ராத்திரி வேலைக்கு நிற்க மாட்டார். ஒன்பது மணிக்குப் படுக்கையில் விழுந்தாக வேண்டும். "வீட்டுல அப்படி என்ன மாஸ்டர் அவசரம்?" என்று மிஷின் வரிசையிலிருந்து யாராவது கண்ணடிப்பார்கள். மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கிறுக்குத்தனம் அதோடு நிற்கவில்லை. ஏணி ஏற மாட்டார். மேல் தட்டிலிருந்து துணி உருளையை இறக்க வேண்டுமென்றால் வேறு ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று வழி சொல்வார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை; பஸ், இல்லாவிட்டால் நடை. ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட மாட்டார். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி அதற்கு வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறாள். வேலையில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எண்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, மேலே வெட்டுக்கோடு வரைந்த மார்க்கர் காகிதத்தை ஒட்டி, இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் கத்தி மிஷினை நகர்த்தும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் அந்த மிஷினின் பிளக்கை அரைகுறையாகத்தான் செருகுவார். வயரையும் விறைப்பாக, குட்டையாக வைத்திருப்பார். "நல்லா அழுத்திச் செருகுங்க மாஸ்டர், புடுங்கிக்கப் போகுது" என்று சொன்னால், "புடுங்கிக்கட்டுமே" என்பார்.

பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. அவர் விழுந்து, கையோடு மிஷினும் சரிந்தால், பிளக் கழன்று கத்தி நின்றுவிட வேண்டும்.

மாஸ்டருக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு; தூக்கமோ சாப்பாடோ தப்பினால் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. பத்தொன்பது வயதில் ஒரு துணிக்கடையில் முதல் வேலைக்குச் சேர்ந்தார். நாலாவது மாதம், கடை நிறைய ஆள் இருக்கும்போது விழுந்தார். நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் ஒரு குடம் தண்ணீரை முகத்தில் கொட்டினார். இன்னொருவர் வாய்க்குள் கைக்குட்டையைத் திணித்தார். எல்லோரும் நல்லவர்கள்தான், ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தாலே போதும், தோள்பட்டை மூட்டு கழலாமல் தப்பித்திருக்கும். மறுநாள் அவருடைய தண்ணீர் டம்ளர் தனியாக ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அவரும் தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு நல்ல டாக்டர் கிடைத்தார், சரியான மாத்திரை அமைந்தது. இருபத்து நாலு வயதுக்கு மேல் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது அவருக்கு நாற்பத்து மூன்று. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தினம் மாத்திரை போடுகிறவர்கள் போல இவரும் போட்டார், அது பாட்டுக்கு அடங்கிக் கிடந்தது. பயம்தான் அடங்கவில்லை. இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்கப் போனபோது அம்மாவும் அக்காவும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: மூச்சு விடக் கூடாது. மூச்சு விடவில்லை. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, மனைவியிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டார். அந்த அப்பாவி, இல்லாத புண்ணுக்காகப் பதினைந்து வருஷமாகக் குழம்பில் காரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

ஒரே மகள், பதின்மூன்று வயது. வீட்டில் பாப்பா. வாய் ஓயாது. அப்பா வெட்டிய துணித்துண்டுகளில் பொம்மைக்குச் சட்டை தைத்து, "கட்டிங் சரியில்ல மாஸ்டர்" என்று அவரையே கிண்டல் பண்ணும். அந்தப் பாப்பா ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் கரும்பலகைப் பக்கம் போனவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. ஆயாம்மா ஓடி வந்து, நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாளே என்று ஒரு ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் நெம்பி நுழைத்தாள். மூன்று நிமிஷத்தில் வலிப்பு தானாக நின்றது. முன்பல் பாதி உடைந்தது மட்டும் மிச்சம்.

மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பாப்பா ஆபீஸ் அறைப் பெஞ்சில், ஈரமான பாவாடையோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் பத்துப் பதினைந்து முகங்கள். தலைமை ஆசிரியை தன்மையாகத்தான் பேசினார். "டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுல இருக்கட்டும். மத்த பிள்ளைங்க பயப்படுதுங்க பாருங்க."

மாஸ்டருக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மகள் இல்லை, தானேதான் என்று பட்டது. அப்போதே அவளைத் தோளில் அணைத்து, "எனக்கும் இப்படித்தான் பாப்பா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  அதற்குப் பதில் அவள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா வந்து இறங்கினாள். அவளுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இன்னும் மூன்று மாதம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படி இருந்ததில்லையேம்மா. உங்க பக்கம் யாருக்காவது உண்டா? நல்லா யோசிச்சுப் பாரு."

மாஸ்டரின் மனைவி மலைத்துப் போய் நின்றாள். "எங்க வீட்டுலயும் யாரும் இல்ல அண்ணி."

"உன் சித்தப்பா ஒருத்தர் சின்ன வயசுல தண்ணியில விழுந்து செத்தாருன்னு சொன்னியே?"

"அது கால் வழுக்கி..."

"வழுக்கிச்சோ, வலிப்பு வந்துச்சோ, யாரு கண்டா?"

மாஸ்டர் அங்கேதான் இருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பொத்தானைப் போட ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு அவருக்கு அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் ஆனது. அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று இருக்கிறது.

மனைவி சமையலறைக்குள் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர், ஸ்கேன்னு கிளம்பிடாத. காத்துவாக்குல விஷயம் போச்சுன்னா என் பொண்ணு கல்யாணம் நின்னு போயிடும்டா. குடும்பத்துலயே இருக்குன்னு சொல்லிடுவாங்க."

"அப்ப பிள்ளைக்கு வைத்தியம்?"

"அதான் உன்கிட்ட மாத்திரை இருக்குல்ல? உனக்குக் கேட்டது உன் ரத்தத்துக்குக் கேக்காதா? தினம் ஒண்ணு குடு. மூணு மாசம் காதும் காதும் வெச்ச மாதிரி ஓட்டிடு. அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணா போ."

இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது. மறைத்து மறைத்தே பழகியவர்களுக்குத்தான் வரும். மாஸ்டருக்கு அது தப்பு என்று தெரியவில்லையா என்றால், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம் தன்னைக் காப்பாற்றிய மாத்திரை, மகளுக்கு என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது? சீட்டில் எழுதியதற்கு மேல் மருந்துக்கடையில் தர மாட்டார்கள் என்பதால், இருப்பதைப் பங்கு போட்டுக்கொண்டு, தன் அளவைப் பாதியாக்கிக்கொண்டார். அதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டார். இன்னொரு டப்பாவில் போட்டு மனைவியிடம் கொடுத்தார். "சத்து மாத்திரை. பலவீனத்துலதான் விழுந்திருக்கா. காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு குடு."

மனைவி பக்கத்து வீடுகளின் சின்னக் குழந்தைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்கிறவள். அந்த வாரம் ஐந்து குழந்தைகளில் மூன்று வரவில்லை. ஒரு தாய் மட்டும் வாசலில் நின்று மூக்கைச் சொறிந்தபடி, "ஒட்டிக்குமோன்னு வீட்டுல பயப்படுறாங்கக்கா" என்றாள். வலிப்பு ஒட்டுமாம்! பாப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு குழந்தைகள் இருக்கும் அறைக்கு அவள் வருவதில்லை. தோழிகள் வந்தாலும் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டாள். நாலு நாளில் அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். கதவிடுக்கில் தெரியும் அந்தப் போர்வையை மாஸ்டர் தினம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். "என்னங்க, அண்ணி சொல்றது சரியா இருக்குமோ? எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். சித்தப்பா விழுந்தப்ப யாரும் பக்கத்துல இல்லையாம். அப்ப எங்க வீட்டு ரத்தம்தான். என்னாலதான் பாப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். "பரவாயில்ல விடு. நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார்.

மன்னித்துவிட்டார்! தன் நோய்க்காக அவளை மன்னித்தார். அவள் நன்றியோடு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை அவருக்கு வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பதினாறாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது. உதடு எரிகிறது என்றாள். மார்பிலும் முதுகிலும் செக்கச்செவேல் என்று திட்டுத்திட்டாகத் தடித்தது. தெருமுனை கிளினிக் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

மனைவி சத்து மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டார். "இல்ல டாக்டர். ஒண்ணும் இல்ல."

டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "அந்தச் சத்து மாத்திரையைச் சொல்லியிருக்கலாமே?"

"அதெல்லாம் மருந்துல சேர்த்தி இல்ல."

மருந்தில் சேர்த்தி இல்லாததை நிறுத்துவானேன் என்று அவள் அதற்கப்புறமும் இரண்டு நாள், எழுந்து உட்காரத் தெம்பில்லாத பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீரோடு புகட்டிவிட்டாள். மாஸ்டர் அதைக் கண்ணால் பார்த்தார். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதற்குப் பதில் இல்லை. இருந்தது, சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாப்பாவின் கண் திறக்கவில்லை. வாயெல்லாம் கொப்புளம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விஷயம் கேள்விப்பட்டு அக்காவும் வந்துவிட்டாள். அங்கே இருந்த பெண் டாக்டர், வயது முப்பது இருக்கும், பாப்பாவின் கையில் ஒரு கொப்புளத்தின் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளினார். தோல் அப்படியே நகர்ந்து வந்தது. மூன்று பேரையும் வெளியே கூப்பிட்டார்.

"இது மருந்து ஒத்துக்காம வர்றது. என்ன குடுத்தீங்க?"

"சத்து மாத்திரை மட்டும்தான் டாக்டர், சத்தியமா" என்று மனைவி பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"இது சத்து மாத்திரை இல்ல. இதை யார் குடுத்தது? நான் சண்டை போடக் கேக்கல. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நேரம் போயிட்டிருக்கு."

மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அக்கா பின்னாலிருந்து அவர் முழங்கைச் சதையைப் பிடித்து அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் பாப்பாவின் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறக்க முடியவில்லை.

"என்னோட மாத்திரை டாக்டர்" என்றார் மாஸ்டர். "எனக்கு வலிப்பு இருக்கு. பதினாறு வயசுலேர்ந்து." மருந்தின் பெயரையும் அளவையும் ஒரே மூச்சில் சொன்னார். அவ்வளவுதான், மொத்தம் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம்!

டாக்டர் பேர் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். அக்கா, "சொல்லித் தொலைச்சியா?" என்று பல்லைக் கடித்தாள். அன்றைக்கு அவள் போனவள்தான், அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டவில்லை.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "நோயை மறைச்சீங்க, சரி. பயத்துல மறைச்சிருப்பீங்க. நான் அழுது மன்னிப்புக் கேட்டப்ப எப்படிங்க பரவாயில்லன்னு சொல்ல முடிஞ்சுது?" அவர் ஏதோ சொல்லப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "என் கையால குடுக்க வெச்சுட்டீங்களே. பெத்த பிள்ளைக்கு என் கையால." அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் டாக்டர் மாஸ்டரைத் தன் அறையில் உட்கார வைத்தார். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது. இடது கண் தேறிவிடும். வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது. இன்னும் இரண்டு நாள் முன்னாடி நிறுத்தியிருந்தால் இவ்வளவு போயிருக்காது.

"கிளினிக்ல கேட்டாங்க டாக்டர். நான்தான் இல்லன்னு சொன்னேன்."

டாக்டர் அதையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஒருத்தருக்கு ஒத்துக்கிற மாத்திரை இன்னொருத்தருக்கு விஷமாயிடலாம். அதனாலதான் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். அவளுக்கு வேற மருந்து இருக்கு. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், உங்களை மாதிரியே. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வந்தே தீரும்னும் கிடையாது. சில வீட்டுல வரும், நிறைய வீட்டுல வராது. வந்தாலும் அது யாரோட குத்தமும் இல்ல. உங்க மனைவிகிட்டயும் இதைச் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் நிமிர்ந்து, "அவளுக்குக் குடுத்ததுல உங்க மாத்திரை குறைஞ்சிருக்குமே? கத்தி மிஷின்ல வேலைன்னும் உங்க மனைவி சொன்னாங்க. முதல்ல உங்களைப் பார்க்கணும்" என்று ஒரு கத்தை காகிதத்தை எடுத்தார்.

மாஸ்டர் வார்டுக்குத் திரும்பினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மனைவி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. பாப்பாவின் கண்கள் கட்டியிருந்தன. உதடு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது.

"அப்பாவா?"

"நான்தான் பாப்பா."

"அம்மா சொன்னாங்க. உங்களுக்கும் வலிப்பு இருக்கா?"

"ஆமாம்மா."

"என்னை மாதிரியே விழுவீங்களா? டிரஸ்லயே ஒண்ணுக்குப் போயிடுவீங்களா?"

"போயிருக்கேன். பெரிய கடையில, அத்தனை பேர் முன்னாடி."

மாஸ்டர் திட்டுக்குத் தயாராக இருந்தார். அழுகைக்குத் தயாராக இருந்தார். கண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று வராந்தாவில் பத்துத் தடவை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். பாப்பா எதையும் கேட்கவில்லை. அந்தப் பொருக்குத் தட்டிய உதடு விரிந்து, பாதி உடைந்த பல் தெரிந்தது. பிள்ளை சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் இல்லையாப்பா?" என்றாள். கையை நீட்டித் துழாவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? உலகத்துலயே எனக்கு மட்டும்தான்னு நினைச்சு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"